ஒண்ணு, ரெண்டு, நாலு

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பல் டாக்டரின் நாற்காலியில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயில் பஞ்சை அடைத்துவிட்டு அவர் பேசத் தொடங்கினார், "அப்புறம்?" என்றுகூட என்னால் கேட்க முடியவில்லை. ஆகவே கதையில் ஓட்டைகள் உண்டு. சிலவற்றை அவர் அடைத்தார், மிச்சத்தை நானே அடைத்திருக்கிறேன்.

டாக்டர் ஆவதற்கு முன்னால் அவர் ஒரு ராக் குழுவில் கிட்டார் வாசித்தவர். மூன்றே பேர்: பாட்டு எழுதி, பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடிய அக்கா, டிரம்ஸ் அடித்த அவள் தம்பி, இவர். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் கிடையாது. காலியாகக் கிடந்த ஒரு குடோனில் தாங்களே பதிவு செய்து, தாங்களே உறை ஒட்டி, முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்கும் ஒருத்தியின் பாட்டு:

சாவி உள்ளே, நான் வெளியே,
கதவே, உனக்கு என்ன கோபம்?

ஒருமுறை கேட்டால் போதும், நாள் முழுக்க வாயை விட்டு இறங்காது. (பஞ்சு அடைத்த என் வாயையே விடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.)

2.

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில்..." வேண்டாம். மழை பெய்ததா என்று டாக்டர் சொல்லவில்லை.

"இசை என்பது மனித மனத்தின்..." சீ, போ.

தம்பியிடமிருந்தே தொடங்குகிறேன். ரசிகர்கள் அவனை "நாலு" என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டு தொடங்குவதற்கு முன் டிரம்ஸ்காரன் குச்சிகளைத் தட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ண வேண்டும். பதிவு அன்று பத்தொன்பது வயதுப் பதற்றத்தில் இவன் "ஒண்ணு, ரெண்டு, நாலு" என்றுவிட்டான். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மைக்கிலிருந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மூச்சோடு மூச்சாகச் சிரித்தாள். ஆனாலும் சரியான இடத்தில் பாட்டைப் பிடித்துவிட்டாள். இருந்த ஒரே டேப்பும் அத்தோடு தீர்ந்துபோனதால், தப்பும் சிரிப்பும் அப்படியே ஆல்பத்தில் ஏறிவிட்டன. பிறகு எந்தக் கச்சேரியிலும் அந்த இடம் வந்தால் மொத்தக் கூட்டமும் "மூணு எங்கே?" என்று கத்தும்.

(இங்கே எனக்கு ஒரு சபலம். மூன்றாவது ஆளான கிட்டார்காரரை ஒரு விபத்தில் கொன்றுவிட்டால், காணாமல் போன அந்த "மூணு"க்கு எவ்வளவு பெரிய அர்த்தம் கிடைக்கும்! ஆனால் அவர் துளையிடும் மிஷினோடு என் தலைக்கு மேலே நின்றிருந்தார். சௌக்கியமாக இருக்கட்டும்.)

3.

கிட்டார்காரர் டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டார். வேறு கிட்டார்காரர்கள் வந்தார்கள், போனார்கள். அக்காவும் தம்பியும் இன்னும் ஏழு ஆல்பம் போட்டார்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கனமானது. பத்திரிகைகள் "முதிர்ச்சி" என்று எழுதின. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு பேட்டியில் அந்த முதிர்ச்சி நாலுவின் தலைக்கு ஏறிவிட்டது.

"சாவிப் பாட்டா? அது விவரம் தெரியாத வயசுல போட்ட குப்பைங்க."

அக்கா எழுதிய பாட்டு அது. பேட்டியை அவள் படித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பாடவும் இல்லை, தம்பியோடு பேசவும் இல்லை. மேடை ஒன்று, கார் வேறு. "கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்க" என்பதைக்கூட மேனேஜர்தான் சுமந்துகொண்டு போக வேண்டும்.

[இந்த இடத்தில் எனக்கு நாலுவைப் பிடிக்காமல் போய்விட்டது. இரண்டு நாள் எழுதவில்லை. பிறகு டாக்டர் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. நாலு இன்றும் அவரிடம்தான் பல் பார்க்கிறான். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது அவன் வாய் தானாக முணுமுணுப்பது அந்தக் குப்பையைத்தானாம். சரி, பிழைத்துப்போ என்று விட்டேன்.]

4.

முதல் ஆல்பத்துக்கு இருபத்தைந்து வயது ஆனபோது, பழைய டேப்பைத் தூசு தட்டி, மெருகேற்றி மறுபடி வெளியிடவும், கூடவே ஒரு ஆண்டு விழாக் கச்சேரி நடத்தவும் ஏற்பாடு ஆனது. சரிபார்க்க ஒரு பிரதி நாலுவுக்கு வந்தது. ஒரு காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணு, ரெண்டு, நாலு."

அவன் குரல்தான். அடுத்து அக்காவின் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. ஒரு சின்ன வெறுமை, உடனே பாட்டு. திருப்பிப் போட்டான். மூன்று தடவை போட்டான்.

வெட்டி எடுத்துவிட்டாள்!

கார் கண்ணாடி மாற்றும் கடைக்கு மேலேதான் அவர்கள் ஒத்திகை அறை. மூச்சு வாங்கப் படியேறினான். அக்கா தன் பேஸ் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா எடுத்த?" ஆறு வருடத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு இது.

"எதைடா?"

"நடிக்காத. உன் சிரிப்பை. நான் குப்பைன்னு சொன்னது தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காக என் தப்பை மட்டும் விட்டுட்டு உன் சிரிப்பை வெட்டி எறிஞ்சிடுவியா?"

"பைத்தியமா உனக்கு? ஒரு மூச்சைக்கூடத் தொடக் கூடாதுன்னு சண்டை போட்டதே நான்தான்."

அறையின் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, நாலு."

"இதோ" என்று விரலை உயர்த்தினாள்.

"எங்க?"

சத்தத்தைக் கூட்டினாள். "இதோடா, இதோ!"

"அக்கா, விளையாடாத."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் விளையாடவில்லை என்று அவனுக்கும், அவன் விளையாடவில்லை என்று அவளுக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. வீட்டு அழைப்பு மணி கெட்டுவிட்டதென்று அவன் இரண்டு தடவை பேட்டரி மாற்றியிருந்தான். மணி நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. டிரம்ஸ் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"பல் டாக்டர்கிட்டதான் போனேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

5.

காது டாக்டர் சொன்னதைச் சுருக்கிவிடுகிறேன்: மெல்லிய சத்தங்கள் போனது போனதுதான். மிச்சமாவது காதில் தங்க வேண்டுமானால் ஆண்டு விழாக் கச்சேரியோடு குச்சியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

"கடைசியா சாவிப் பாட்டு அடிக்கலாமாக்கா?"

"குப்பைன்னியே."

"சொன்னேன். இப்ப அந்தச் சிரிப்பை இனிமே கேக்கவே முடியாதோன்னு பயமா இருக்கு."

இதற்கு என்ன முடிவு எழுதுவது?

முடிவு அ: கச்சேரியில் திடீரென்று சிரிப்பு அவனுக்குக் கேட்டுவிடுகிறது. (பொய். காது டாக்டர் என்னை உதைப்பார்.)

முடிவு ஆ: ஆயிரம் பேர் "மூணு எங்கே?" என்று கத்துகிறார்கள், அது அவனுக்குக் கேட்கிறது, கண்ணீர். (கூட்டத்துக்குச் சரி. இவர்கள் இருவருக்கும் இதில் என்ன இருக்கிறது?)

முடிவு இ: அக்கா மைக்கில் வாய் வைத்து உரக்கச் சிரிக்கிறாள். (ஒத்திகையில் செய்தே பார்த்தாள். "நாடகத்துல பேய் வர்ற மாதிரி இருக்கு" என்றான் நாலு.)

அதன் பிறகு நடந்ததை டாக்டர் பஞ்சை எடுத்துக்கொண்டே சொன்னார். இருபத்தைந்து வருடமாக அக்கா தம்பிக்கு முதுகைக் காட்டித்தான் பாடியிருக்கிறாள். பாடுகிறவர் முன்னே, டிரம்ஸ் பின்னே, அதுதானே வழக்கம். பதிவு அன்றும் சுவரைப் பார்த்துத்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் கேட்டிருக்கிறானே தவிர ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த ஒத்திகையில் அவள் மைக் ஸ்டாண்டைத் தூக்கித் திருப்பி, டிரம்ஸுக்கு நேர் எதிரே கொண்டுவந்து வைத்தாள்.

"கச்சேரியிலயும் இப்படித்தான் நிப்பேன். கூட்டம் என் முதுகைப் பார்க்கட்டும். ம், எண்ணு."

நாலு குச்சிகளை எடுத்தான்.

"வேணும்னே தப்பு பண்ணினா எனக்குச் சிரிப்பு வராது. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன பண்ணுவ?"

"பார்க்கலாம்."

இந்த இடத்தில் டாக்டர் "வாயைக் கொப்பளிங்க" என்றார். என் வாய் காலியாகிவிட்டது, "அப்புறம்?" என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

"ஒண்ணு" என்கிறான் நாலு. "ரெண்டு."

அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த எண் உங்களிடம்தான் இருக்கிறது. மூணோ நாலோ, அவளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அவனுக்குக் கேட்க வேண்டும்.