புத்தகம் முதலில், படம் பிறகு

லிஃப்ட்காரர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பிளந்து பார்த்தார். சரியாக வரவில்லை. புருவத்தை மேலே தூக்கி, கண்களை அகல விரித்து, சத்தம் வராமல் "ஆ!" என்று சொல்லிப் பார்த்தார். பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைக் காட்டுகிற மாதிரி இருந்தது. "கிழிஞ்சுது போ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முகத்தைக் கழுவிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார்.

இதை வைத்து அவர் யாரை ஏமாற்றப் போகிறார் என்பதுதான் வேடிக்கை. அவருடைய மனைவி முப்பத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அங்கே எல்லாருக்கும் அவள் புரூஃப் அம்மா. தடித்தடியான புத்தகத்தில் விட்டுப்போன ஒற்றைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அச்சுக் கோத்தவரை நேரில் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே திட்டுவாள். அவர் ஊரிலுள்ள பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டைப் பழுது பார்த்தவர். கம்பி எங்கே தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் பொய் சொல்ல மட்டும் சுத்தமாக வராது.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"அத்தான், உள்ள என்னதான் பண்றீங்க? அக்கா கூப்பிடுறா." மச்சான்தான். அவளுடைய தம்பி. பஸ் டிரைவர். அக்காவுக்கு முடியவில்லை என்று பத்து நாள் லீவு போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறான்.

அவர் கதவைத் திறந்தார். மச்சான் உள்ளே தலையை நீட்டிக் கிசுகிசுத்தான்.

"ஞாபகம் வெச்சுக்கங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னை மாட்டி விட்டுடாதீங்க."

"கூட்டிட்டுப் போனதே நீதானேடா!"

"மெதுவா அத்தான், மெதுவா! அவ உடம்புதான் போச்சு, காது பாம்புக் காது."

நடந்தது இதுதான். பழைய சாகச நாவல் ஏதாவது புதிதாகப் படமாக வருகிறது என்று செய்தி வந்தால் போதும், புரூஃப் அம்மா அந்தப் புத்தகத்தைத் தமிழில் தேடிப் பிடித்துவிடுவாள். லிஃப்ட்காரருக்குப் புத்தகம் எடுத்தால் மூன்றாவது வரியில் தூக்கம் வரும். அதனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஓர் அத்தியாயம் அவள் வாசிப்பாள், அவர் கேட்பார். கடைசி அத்தியாயம் முடிந்த பிறகுதான் தியேட்டர். அதுதான் அந்த வீட்டுச் சட்டம். தியேட்டரில் உட்கார்ந்துகொண்டு, "ஐயையோ, புத்தகத்துல இப்படி இல்லையே! இவன் செத்தே போகலையே!" என்று அவர் கத்துவார். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். இப்படிப் பதினோரு புத்தகம், பதினோரு படம்.

ஆனால் அவளுக்கு ஆசை படத்தின் மேல் இல்லை. புத்தகத்தின் மேலும் இல்லை. அந்தப் புத்தகங்கள் எல்லாம் அவள் பாவாடை கட்டிய வயதிலேயே படித்து முடித்தவை. கதையில் பெரிய திருப்பம் வருகிற இடத்தில் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் வாயைத் திறந்துகொண்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் தவிக்கிற அந்த முகம் இருக்கிறதே, அதற்காகத்தான் அவ்வளவு பாடும்.

பன்னிரண்டாவது புத்தகம் 'நான்கு கடல்களின் ஓட்டம்'. செய்யாத கொலைக்காகப் பழி சுமந்த ஒரு கேப்டன் தன் கப்பலில் தப்பி ஓடுகிறார். கறுப்புப் பாய் கட்டிய இன்னொரு கப்பல் அவரைக் கடல் கடலாகத் துரத்துகிறது. முப்பத்துநாலு அத்தியாயம். முப்பத்தொன்று முடிந்ததும் அவளுக்குப் புத்தகத்தைப் பிடிக்கக் கைக்குத் தெம்பில்லாமல் போனது. பிறகு ஆஸ்பத்திரி, பிறகு வீடு. அதற்குள் படம் வந்துவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் அவர் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான்தான், "வாங்க அத்தான், கொஞ்சம் காத்தாட வருவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனான். காற்றாடப் போன இடம் தியேட்டர். உள்ளே போனதும் என்ன படம் என்று தெரிந்தது. எழுந்திருக்கத்தான் நினைத்தார். ஆனால் அந்தக் கறுப்புப் பாய் திரையில் எழும்பியதும் கால் நகரவில்லை. கடைசியில் கேப்டன் வெடிமருந்துப் பீப்பாய்களை உருட்டிவிட்டுக் கறுப்புக் கப்பலைக் கொளுத்துவார். கப்பல் எரிவதே இருபது நிமிஷம். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க," என்றாள் அவள், அவர் அறைக்குள் வந்ததும். குரல் காற்றில் வந்த மாதிரி வந்தது. "இன்னைக்கு முடிச்சிடலாம்."

காலையில் வந்துபோன நர்ஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கோ நாளைக்கோதான் சார். பொண்ணை வரச் சொல்லிடுங்க" என்று சொல்லியிருந்தாள். சொல்லியாகிவிட்டது. மகள் கிளம்பிவிட்டாள். வந்துசேரச் சாயங்காலம் ஆகும்.

"நாளைக்குப் படிக்கலாமே. நீ தூங்கு."

"அந்தக் கதையெல்லாம் வேண்டாம். கடைசி அத்தியாயத்துல உங்க மூஞ்சியைப் பார்க்கணும். அதுக்குத்தான் இழுத்துப் பிடிச்சிட்டிருக்கேன். படிங்க."

அவள் கேட்பது ஒரே ஒரு முகம். அதைப் போய்த் தியேட்டரில் தொலைத்துவிட்டு வந்திருக்கிறாரே! கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை எடுத்தார். மச்சான் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான், எந்த நேரமும் ஓடுகிற தோதில்.

முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று அவர் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வாசித்தார். வேகத்தடை நிறைந்த தெருவில் லாரி போகிற மாதிரி போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டே திருத்தினாள்.

"அங்க கமா இருக்கும். நில்லுங்க."

அவர் பார்த்தார். இருந்தது.

"கமாவைத் தின்னுட்டு ஓடாதீங்க. கேப்டன் மூச்சு விட வேண்டாமா?"

"நான் எப்ப மூச்சு விடுறது?"

"நீங்க அப்புறமா நிறைய விட்டுக்கலாம்." சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்துக்கொண்டாள். அவர் சட்டென்று புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார்.

முப்பத்துநாலாவது அத்தியாயம் வந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். தலையணையில் கொஞ்சம் தூக்கிவிடச் சொன்னாள். மச்சானும் அவருமாகத் தூக்கி உட்காரவைத்தார்கள். அவள் பார்வை அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது. அவர் வாசிக்க வாசிக்கப் புருவத்தைத் தயார் செய்துகொண்டார். கறுப்புக் கப்பல் நெருங்கியது. கேப்டனின் ஆட்கள் நடுங்கினார்கள். இதோ பீப்பாய் வரப்போகிறது, இதோ வந்துவிட்டது என்று அவர் கண்ணை விரித்தார்.

"'கறுப்புக் கப்பலின் தளத்தில்... ஒரு வயோதிகர் நின்றிருந்தார். அவர் கையில் துப்பாக்கி இல்லை. ஒரு... ஒரு காகிதம் இருந்தது. அவர் உரக்கக் கூவினார்: கேப்டன் அவர்களே! தாங்கள் நிரபராதி என்று தீர்ப்பாகி நான்கு வருடங்கள் ஆகின்றன. அதைச் சொல்வதற்காகத்தான், தங்களை நான்கு கடல்களிலும் துரத்திக்கொண்டு வருகிறேன். ஐயா, ஒரு தடவையாவது நின்றால் என்ன!'"

அவர் நிறுத்தினார். திரும்ப ஒரு தடவை மனசுக்குள் படித்தார். மூக்குக் கண்ணாடி நழுவி உதட்டுக்கு வந்தது. வாய் தானாகத் திறந்தது. பழகி வைத்திருந்த புருவமெல்லாம் எங்கே போயிற்றோ!

"அடப்பாவி," என்றார். "அப்போ கப்பல் எரியலையா?"

"எந்தக் கப்பல்?" என்றாள் புரூஃப் அம்மா.

"இல்ல... அந்தக் கறுப்பு..."

"இந்தப் புத்தகத்துல முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு தீக்குச்சி கூடக் கிடையாது. எந்தக் கப்பல் எரிஞ்சுது?"

லிஃப்ட்காரர் மச்சானைப் பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது. மச்சான் ஓசைப்படாமல் பின்னால் நகர ஆரம்பித்திருந்தான்.

"டேய், நில்லுடா!"

"என்னக்கா?"

"யாரு கூட்டிட்டுப் போனது?"

"காத்தாடத்தான்கா போனோம்..."

"குத்தம் எல்லாம் என்னுதுதான்," என்றார் லிஃப்ட்காரர். "நீ என் மூஞ்சியைப் பார்க்கணும்னு இருந்த. நான் கெடுத்துட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பார்த்தேன். அதுவும் வரல. மன்னிச்சிடு."

"அதானா!" என்றாள் அவள். "முக்கால் மணி நேரமா குளிக்கிறாரு, ஒரு சொட்டுத் தண்ணி விழுற சத்தத்தைக் காணோமேன்னு நினைச்சேன்."

பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வரவில்லை, சத்தத்துக்கு வேண்டிய மூச்சு அவளிடம் இல்லை. தோள் குலுங்கியது, கட்டில் லேசாக ஆடியது, கண்ணோரம் நனைந்தது. பதினோரு புத்தகத்தில் இப்படி ஒரு முகம் அகப்பட்டதே இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அவரையே பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் தொற்றிக்கொண்டது. மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பு.

"ரெண்டும் திருட்டுப் பசங்க," என்றாள். அவர் கையை விரலால் தட்டி, மிச்சத்தைப் படிக்கும்படி கண்ணைக் காட்டிவிட்டுத் தலையணையில் சாய்ந்தாள்.

இன்னும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அவர் உற்சாகமாக வாசித்தார். கேப்டன் அந்தக் கிழவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு கப்பலும் சேர்ந்து ஊர் திரும்பின. கடைசிப் பாராவுக்கு முந்திய வரியில் சந்தோஷத்தில் ஒரு கமாவைத் தின்றுவிட்டு ஓடினார். ஓடிப்போய், அவள் சொல்லட்டும் என்று நின்றார்.

அவள் சொல்லவில்லை.

அவர் அந்த வரியைத் திரும்ப வாசித்தார், இந்தத் தடவையும் நிறுத்தாமல். பிறகு புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "மச்சான், அந்த நர்ஸம்மாவுக்குப் போன் போடு" என்றார்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அச்சகத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்தன. மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அழுதழுது சொல்லிக்கொண்டிருந்தான்: "என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'தம்பி, நீ நல்லா இருக்கணும்டா'ன்னு சொன்னா. அதான் கடைசி வார்த்தை." நாலாவது ஆளிடம் சொல்லும்போது அதில் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்ததும் சேர்ந்திருந்தது. அச்சகக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லிஃப்ட்காரர் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மகள் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே கட்டிலுக்கு ஓடி, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து நிமிர்ந்தபோது, அம்மாவின் உதடு ஒரு பக்கம் சிரிப்பில் சுழித்திருப்பதைப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா கடைசியா என்ன சொன்னா?"

அறையில் எல்லாரும் திரும்பினார்கள். வாசலிலிருந்து மச்சான் அவசரமாக உள்ளே வந்து, மகளின் தலைக்குப் பின்னால் நின்று, வேண்டாம் அத்தான் என்று கையால் கெஞ்சினான்.

"'ரெண்டும் திருட்டுப் பசங்க'ன்னு சொன்னா," என்றார் லிஃப்ட்காரர்.

"யாரை?"

"என்னையும் உன் மாமாவையும். புத்தகம் முடியுறதுக்கு முன்னாடி படத்துக்குப் போயிட்டோம்."

அச்சகத்து ஃபோர்மேன் தொண்டையைக் கனைத்தார். யாரோ ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். மகளின் முகத்தில் அழுகை பாதி வழியில் நின்று என்னவோ போல் ஆனது. பிறகு வெடித்துச் சிரித்துவிட்டாள். "ஐயோ அப்பா! மாட்டிக்கிட்டீங்களா?"

"கையும் களவுமா."

"அப்போ அம்மா உங்க மூஞ்சியைப் பார்க்கலையா?" அவளுக்கும் அந்த வீட்டுச் சட்டம் தெரியும், அதன் காரணமும் தெரியும். "கதை தெரிஞ்சுபோச்சே உங்களுக்கு."

"பார்த்தா, பார்த்தா. நல்லாவே பார்த்தா. படத்துல ஒண்ணு, புத்தகத்துல வேற ஒண்ணு. அசந்து போயிட்டேன்."

"எப்படி இருந்துச்சு? காட்டுங்கப்பா."

லிஃப்ட்காரர் கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் கூச்சப்பட்டார். பிறகு மகளுக்காக மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, புருவத்தைத் தூக்கி, வாயைத் திறந்தார். பாதிக்கு மேல் திறக்கவில்லை.

"அப்படி இல்ல அத்தான்," என்றான் மச்சான், பக்கத்தில் வந்து குனிந்து. அவன்தான் வாசலிலிருந்து பார்த்தவன். "இன்னும் கொஞ்சம் தொறங்க."

அவர் இன்னும் கொஞ்சம் திறந்தார்.