என் மனைவி செத்துப்போன படம்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு என் மனைவி செத்துப்போனதாக எனக்குத் தகவல் வந்தது. அந்த நேரத்தில் அவள் சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். தகவல் சொன்னவன் அவளுடைய தம்பி. பதினொரு வருடமாக எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டவன். இத்தனைக்கும் நான்கு பேருந்து நிறுத்தம் தள்ளித்தான் வீடு. காரணம் ஓர் ஏணி. எங்கள் அலுமினிய ஏணியை இரவல் வாங்கிப் போய் ஒரு படி குறைச்சலாகத் திருப்பிக் கொடுத்தான். இவள் அதை அவனுடைய சம்பந்திகள் முன்னால் கேட்டுவிட்டாள். அந்த ஏணி விவகாரத்தை நான் வெளியில் ஏழெட்டு விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் காணாமல்போன படி கப்பலேறிப் போய்விட்டது. நிஜமாக நடந்தது முதலில் சொன்னதுதான்.

எனக்குக் காது மந்தம் என்பதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைப்பேன். "மாமா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவன் தேம்பினான். அறுபத்திரண்டு வயது ஆள். அக்கா தன்னைப் பள்ளிக்கூடத்துக்கு முதுகில் தூக்கிப்போனதையும், காய்ச்சல் வந்தபோது அவள் பங்குப் பாலைத் தனக்கு ஊற்றியதையும், அப்படி ஒரு மனுஷி இனிப் பிறக்கப் போவதில்லை என்பதையும் சொல்லிச் சொல்லி அழுதான். நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். இவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். நாற்பத்தாறு வருடத்தில் நானே அவளைப் பற்றி இவ்வளவு சொன்னதில்லை. கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூக்கு சிந்த அவன் நிறுத்தியபோது இவள் குனிந்து போனுக்குக் கிட்டே போய், "போதும்டா, அழாதே," என்றாள்.

அந்தப் பக்கம் மூக்கு சிந்துவது பாதியில் நின்றது.

"நீ இருக்கியா?" என்றான் தம்பி.

"இருக்கேன்."

போன் துண்டிக்கப்பட்டது. இவள் பீன்ஸை எடுத்தாள், நாரை உரித்தாள், நாரைப் பாத்திரத்திலும் பீன்ஸைக் குப்பையிலும் போட்டாள். "செத்தாத்தான் பேசுவானாம்," என்றாள்.

அவனுக்கு யார் சொன்னது என்று விசாரித்ததில், ஒரு படம் கைபேசி கைபேசியாகச் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. நாங்கள் வழக்கமாகப் போகும் காப்பிக்கடையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எதிரே காலி நாற்காலி. மேஜையில் இரண்டு கோப்பை. இரண்டாவதிலிருந்து புகை வளைந்து வளைந்து மேலே போகிறது. கீழே எழுதியிருந்தது: 'ஐந்து வருடங்களாக, மறைந்த மனைவிக்கும் சேர்த்து ஒரு காப்பி சொல்கிறார் இந்தப் பெரியவர்.' நாலு லட்சம் பேர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்திருந்தார்கள்.

அந்தக் கடையில் நான் ஒரு கதைசொல்லி என்பதை மறைப்பதற்கில்லை. முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். பதினேழாவது மாடிக்கும் பதினெட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஒரு கல்யாணத்தையே முடித்துவைத்திருக்கிறேன். நல்ல வேளையாகச் சமையல்காரரும் உள்ளேதான் மாட்டியிருந்தார். அந்தக் கடைக் காப்பியின் நுரைமேல் ஓர் ஈ இறங்கி, நடுவில் ஒருமுறை உட்கார்ந்து இளைப்பாறி, அக்கரை சேர்ந்ததை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆனால் படம் எடுத்த அன்று நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்று அவளும் என்னோடுதான் வந்திருந்தாள். மஞ்சள் ஸ்வெட்டர். காப்பியும் அன்றாட வாழ்க்கையும் என்று கடைக்காக ஏதோ படம் எடுப்பதாக ஒரு படக்காரன், முப்பது வயதிருக்கும், மூன்றுகால் ஸ்டாண்டோடு வந்தான். நிஜக் காப்பி நுரை இரண்டு நிமிடத்தில் அமுங்கிவிடுமாம். ஆகவே அவள் ஒரு வாய்கூடக் குடிக்காத காப்பியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அதே கோப்பையில் கறுப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே பாத்திரம் கழுவும் சோப்பை அடித்து நுரையாக மிதக்கவிட்டான். பிறகு அவளுடைய ஸ்வெட்டரின் மஞ்சள் நிறம் கோப்பையில் பிரதிபலிக்கிறது என்று அவளை எழுப்பினான். எழுப்பியதோடு விட்டானா? காப்பியிலிருந்து புகை வரவேண்டுமே. பஞ்சை நனைத்து அடுப்பில் சூடாக்கி, இடுக்கியில் பிடித்துக் கோப்பைக்குப் பின்னால் காட்ட ஓர் ஆள் வேண்டுமென்றான். என் மனைவி மேஜைக்கடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, நாற்பது நிமிடம், பஞ்சு ஆற ஆற மாற்றிப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் மேல, ஆன்ட்டி," என்றான். பிடித்தாள். அந்தப் புகையில் மறைந்தவரின் முகம் தெரிவதாக முன்னூறு பேர் எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் கடைக்குப் போனோம். ஜலதோஷத்தால் பத்து நாளாக நான் போகவில்லை. அதற்குள் அந்தப் படம் கதவு அகலத்துக்குப் பெரிதாகி, சட்டம் போட்டு, எங்கள் மேஜைக்கு மேலே தொங்கியது. நுழைந்ததுமே அறிமுகமில்லாத இரண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இதோ நிற்கிறாளே இவள்தான் என் மனைவி, உயிரோடு இருக்கிறாள் என்று தெளிவாகச் சொன்னேன். அவர்களில் ஒருவர் என் தோளைத் தட்டி, "அப்படித்தான் நினைச்சுக்கணும் ஐயா," என்றார். இவளைப் பார்த்து, "பெரியவரைப் பாத்துக்க வந்திருக்கீங்களா, நல்லது," என்றார். கப்பலேறிய ஏணிப்படியை ஜனங்கள் வாயைப் பிளந்து கேட்ட கடை இது.

கடைக்காரம்மா நல்லவள்தான். ஆனால் படத்தை இறக்கச் சொன்னபோது துணியை எடுத்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். படம் வந்த பிறகு கடையில் நிற்க இடமில்லை என்றாள். இரண்டு மாதம் போகட்டும் என்றாள். படக்காரன் ஜன்னலோரம் யாருடைய ரொட்டிக்கோ எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தான். இவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"நான் எப்பப்பா செத்தேன்?"

அவன் பயப்படவில்லை, சிரித்தான். "ஆன்ட்டி, அது ஒரு கதை. அதுல நீங்கன்னு யாருமே இல்லையே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"என் தம்பி அழுதான். அப்புறம் நான் இருக்கேன்னு தெரிஞ்சதும் வெச்சுட்டான்."

"அங்கிள்கூட கதை சொல்றவர்தானே? அவர் கோவிச்சுக்க மாட்டார்."

 கதை சொல்வது எனக்கு ஐம்பது வருடத் தொழில். ஒரு பொய் சொன்னால் கேட்டவன் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். போகிற வழியில் அது பொய் என்று அவனுக்கே தெரியவேண்டும். இவன் பஞ்சையும் சோப்பையும் வைத்துக்கொண்டு நாலு லட்சம் பேரை அழவிட்டு, அது பொய் என்று ஒருவருக்கும் சொல்லாமல் விட்டிருக்கிறான். "தம்பி, என் கதையில நான் அந்த ஈயைக்கூட சாகடிச்சதில்ல," என்றேன்.  அதையும் அவன் ரசிப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தான். கை கேமரா பக்கம் போவதைக் கண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

 இவள் எங்கள் மேஜைக்குப் போய், தன் நாற்காலியில், படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தாள். காப்பி சொன்னாள். வந்தது, நிஜக் காப்பி. ஒரு வாய் குடித்திருப்பாள். கல்லூரியில் படிக்கிறவர்கள்போல் ஒரு ஜோடி தயங்கித் தயங்கி வந்து நின்றது. அந்தப் பெண்ணுக்கு இனிமையான முகம், கண் கலங்கியிருந்தது.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம் எழுந்துக்க முடியுமா? அந்தக் காலி நாற்காலியை ஒரு படம் எடுத்துக்கறோம்."

இவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்தாள். அவர்கள் நன்றி சொன்னார்கள். ஆனால் இவள் எழுந்தது அவர்களுக்காக இல்லை. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறினாள். எழுபது வயது முழங்கால் அது. நான் ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஆணியிலிருந்து விடுவித்து, என் தலைமேல் இறக்கினாள். கடைக்காரம்மா வந்து, அது கடைப் பொருள் என்று மெதுவாகச் சொன்னாள்.

"இருக்கட்டும். இதுல இருக்கறது என் புருஷன்."

கடைக்காரம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வழிவிட்டாள்.

பேருந்தில் அந்தச் சட்டம் ஏறாது என்று நடத்துநர் சொல்லிவிட்டார். நடந்தோம். நான் தூக்குகிறேன் என்றதற்கு, "நீங்க பையப் பிடிங்க," என்றாள். என் முகம் வெளியே தெரிகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு அவள் முன்னால் நடக்க, பையோடு நான் பின்னால் போனேன். இரண்டாவது நிறுத்தம் தாண்டியபிறகுதான் கவனித்தேன்: எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். மிதிவண்டிக்காரர் ஒருவர் இறங்கி நின்றார். முடிவெட்டுகிற கடையில் பாட்டை நிறுத்தினார்கள். சாலை முனையில் போக்குவரத்துக் காவலர் இரண்டு பக்க வண்டிகளையும் நிறுத்தி எங்களைக் கடக்கவிட்டு, தொப்பியைக் கழற்றினார். நானும் பதிலுக்குத் தலையசைத்தேன். அவருக்கு என்ன தோன்றியதோ, என்னை இரண்டாம் முறை பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். நான் கைதட்டிச் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி பேசாமல் நடந்தேன்.

எங்கள் தெருவில் திரும்பாமல் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். வாசலில் பச்சைக் கதவு. கையில் படம் இருந்ததால் முழங்கையால் மணியை அழுத்தினாள். அழுத்திவிட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். இப்போது கதவைத் திறக்கிறவனுக்கு நானும் இரண்டு கோப்பையும் காலி நாற்காலியும்தான் தெரியும். அவள் தெரியமாட்டாள், சட்டத்தின் இருபுறமும் நான்கு நான்கு விரல்களைத் தவிர. "என்ன சொல்லப் போற?" என்று கேட்டேன்.  உள்ளே செருப்பை இழுத்து இழுத்து யாரோ வருவது கேட்டது. தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். படத்துக்குப் பின்னால் இவள்.