குளத்து மரங்களில் சுண்ணாம்பு

1912 அக்டோபர் 9, புதன்கிழமை. இன்று செய்த தவறு: ஓடையில் நிற்கும் கருவேல மரங்களுக்கு மட்டும் வெட்டுவதற்கு அடையாளமாக வைக்க வேண்டிய சுண்ணாம்புப் பட்டையைக் குளத்துக்குள் நிற்கும் மரங்களுக்கும் வைத்துவிட்டேன்.

அன்றன்றைய தவறை நாட்குறிப்பில் முதலில் எழுத வேண்டும் என்பது பாளையங்கோட்டை மாலை வகுப்பில் எங்கள் உபாத்தியாயர் இஸ்ரவேல் வைத்திருக்கும் சட்டம். சின்னத் தவறுதானே என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் சின்னதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு ஓர் ஆளாக ஊரார் சேர்ந்து ஓடையைத் தூர்வாருகிறார்கள். கால்வாயிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஓடை அது. மண்ணும் முள்ளும் அடைத்துக்கொண்டதில் சில வருஷங்களாகக் குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் மீன் போயிற்று. மீன் இல்லாமல் கூழைக்கடாக்கள் வரவில்லை. அதற்கு முன்னெல்லாம் தை பிறந்தால் அவை வந்து குளத்து மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் போகுமாம். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண்களைப் போல ஊரார் அவற்றை வைத்திருந்தார்களாம். அவை இருக்கிற மாதங்களில் ஊரில் வேட்டுச் சத்தம் கிடையாது; கல்யாண மேளம்கூடக் குளக்கரைப் பக்கம் போகாது. எனக்கு எல்லாம் கேள்விதான். அவை நின்றுபோன பிறகுதான் நான் இந்த ஊருக்கு வந்தேன்; ஒரு கூழைக்கடாவையும் கண்டதில்லை. அலகுப் பையில் ஒரு படி மீன் கொள்ளும் என்கிறார் ஒருவர். கூட்டமாக வந்து இறங்கும்போது பத்தமடைப் பாய்களை உதறுவது போலச் சத்தம் கேட்கும் என்கிறாள் ஒருத்தி. கேட்டுக் கேட்டு, காணாத ஒன்றுக்காக எனக்கும் ஏக்கம் வந்துவிட்டது.

அப்படி இருந்தும் இதைச் செய்தேன். ஓடையின் நடுவே முளைத்த மரங்களை வெட்டினால்தான் தண்ணீர் ஓடும் என்று, வேலையை மேற்பார்க்கும் சிவசைலம் பிள்ளை என்னிடம் சுண்ணாம்புச் சட்டியைக் கொடுத்தார். மேலிருந்து வரிசையாக வந்தேன். பட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேனே தவிர, ஓடை எங்கே முடிகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. தண்ணீர் கிடந்திருந்தால் தெரிந்திருக்கும். வறண்ட மண்ணில் ஓடையும் குளமும் ஒன்றுபோல வெடித்துக் கிடந்தன.

செங்கல் சூளை வைத்திருக்கும் தாவூது அண்ணாச்சி மத்தியானம் வந்தார். சுண்ணாம்பு வைத்த மரம் எல்லாம் அவர் சூளைக்கு என்பது பேச்சு. மரங்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னவே பிள்ளைவாள், வேதக்காரப் பையன் மரத்துக்கெல்லாம் திருநீறு பூசி வச்சிருக்கான்! உங்க சாமி ஜெயிச்சிட்டாரு வே!"

பிள்ளையும் சிரித்தார். கிறிஸ்தவனான நானும் சிரித்தேன். மண் சுமந்துகொண்டிருந்த அன்னத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே இறக்கிவிட்டுக் குளத்து மரங்களையே பார்த்தாள்.

"ஏ தம்பி ஞானையா, பிள்ளத்தாச்சி வாரான்னு வீட்ட மெழுகிப்போட்டு, அவ படுக்க கட்டில வெறகுக்கு வெட்டுவாவளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த சட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வராத பிள்ளைக்குக் கட்டில் எதுக்கு அன்னத்தாயி?" என்றார் தாவூது. "இத்தன வருசமா ஒரு இறகு விழலியே."

மண்வெட்டிச் சத்தம் நின்றது. பறவைகள் வராமல் போன அதே வருஷம்தான் அன்னத்தாயின் ஒரே மகள் சண்முகசுந்தரி புருஷனோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். இன்னும் ஒரு தடவைகூடத் திரும்பி வரவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். தாவூது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நா பறவையச் சொன்னேன், தாயி."

"தெரியும் அண்ணாச்சி. அவ கடலுக்கு அங்கன கெடக்கா. நா கூப்பிட்டா அவளுக்குக் கேக்காது. இதுகளையாவது வரவழைக்கலாம்லா? அதுக்குத்தான் மண்ணு சொமக்கேன்."

நான் பிள்ளையிடம் போனேன். "ஐயா, தப்பு என்னோடது. குளத்து மரம் நிக்கட்டும்."

"வாக்குக் குடுத்தாச்சுலே. சுண்ணாம்பு வச்ச மரம் அவருக்கு. ஊர்ப் பேச்ச உனக்காவ மாத்த முடியுமா?"

பிள்ளை வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சுண்ணாம்பு இல்லாத மரத்த அவரு எப்பிடி வெட்டுவாருங்கேன்?"

"என் காதுலயும் விழுதுவே," என்றார் தாவூது. "எனக்கும் சூளை எரியணும், பாத்துக்கிடும். வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வண்டியோட வருவேன். அன்னைக்குக் கண்ணுல படுத பட்டை ஒண்ணையும் விடமாட்டேன்." போகிற வழியில் ஒரு மரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ஏலே, நல்லாத்தான் அப்பியிருக்க."

உண்மைதான். கருவேலம் பட்டையின் வெடிப்புகளில் சுண்ணாம்பு ஆழமாக இறங்கிவிட்டது. எல்லாம் போகுமா என்று தெரியவில்லை.

வேலை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அன்னத்தாய் போகவில்லை. பாபநாசத்துப் பக்கம் மலை கறுத்திருந்தது. கால்வாய் மடையில் கசிந்த தண்ணீர், புதிதாக வெட்டிய பள்ளத்தில் மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் நுனியில், ஈரம் முடிகிற இடத்தில், அயிரைக் குஞ்சுகள் சில மண்ணை முட்டிக்கொண்டு நின்றன. அன்னத்தாய் குனிந்து ஒரு கை மண்ணை வழித்து எறிந்தாள். தண்ணீர் அந்த அளவுக்கு முன்னால் வந்தது, மீன்களும் வந்தன. மறுபடி வழித்தாள். குளத்து மரங்கள் இன்னும் வெகுதூரத்தில் இருந்தன. என் பட்டைகள் மட்டும் அந்த மங்கலிலும் வெள்ளையாகத் தெரிந்தன.

நாளை: தேங்காய் நார், வாளி, மழுங்கிய கத்தி ஒன்று கொண்டுபோக வேண்டும். வெயில் ஏறுமுன் குளத்து மரங்களின் சுண்ணாம்பைத் தேய்த்தெடுக்க வேண்டும். ஓடை எங்கே முடிகிறது என்று அன்னத்தாயிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.