இரண்டு வழியும் திறந்துதான் இருந்தது

...இரண்டு வழியும் திறந்துதானே இருக்கிறது, பிறகு ஏன் நான் இந்த எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலில், செக்ரோல் பதிவேட்டில் தொழிலாளியாகப் பேர் பதிய நிற்கிறேன்... முன்னால் இரண்டே பேர், மஞ்சூர்ப் பனி முழங்காலுக்குள் புகுந்து வலிக்கிறது, திங்கட்கிழமை பெங்களூர் ஆய்வகத்தில் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு. அம்மாவுக்கு வேலை வயது முடிந்துவிட்டது. முன்பெல்லாம் ஓய்வு பெற்றவர்களை எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் ஒன்றிரண்டு வருடம் விட்டுவைப்பார்கள், தேயிலை விலை படுத்ததும் அந்த இரக்கமும் படுத்துவிட்டது, வீட்டில் ஒருவர் பேராவது செக்ரோலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் சாவியை ஒப்படைக்க வேண்டும். கண்டியிலிருந்து கப்பலேறி வந்தவளுக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது இது இரண்டாவது தடவை...

ரவிச்சந்திரன் அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனியை விட்டு வந்து தானே பேர் கொடுப்பதாகச் சொன்னான், "நீ போ வனிதா, ஊட்ட நான் பாத்துக்கறேன்." அம்மாவோ லயத்தைக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கே போய் அவனோடு இருந்துகொள்வதாகச் சொன்னாள், "நீ போ புள்ள, நான் பாத்துக்குறேன்." இரண்டில் எது நடந்திருந்தாலும் நான் போயிருப்பேன். அவன் வேலையை விடக்கூடாது என்று அவள், அவள் வீட்டை விடக்கூடாது என்று அவன், ஒரு வாரமாக இருவரும் பிடித்த பிடியில். சிரிப்பு வருகிறது, அழுகையும். மூன்று வருடமாக நான் போட்ட கணக்கும் இதுதானே, ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்த ஒரே ஒரு மூலக்கூறு, இரண்டு இடத்தில் கம்பி, எலக்ட்ரான் அலையாக இரு பக்கமும் சுற்றி வரும், ஒரு பக்கம் இரண்டு எட்டு வைத்தால் போதும், மறுபக்கம் நாலு எட்டு வைக்க வேண்டும், சேருமிடத்தில் ஒன்று மேடாக வரும்போது மற்றது பள்ளமாக வரும், கூட்டினால் பூஜ்யம்... ஒரு வழியை அடைத்தால் மின்சாரம் போகும், இரண்டும் திறந்திருந்தால் போகாது, தடுப்பார் யாருமில்லை, ஆனாலும் போகாது. கருத்தரங்கில் இதைச் சொன்னபோது கைதட்டினார்கள்.

ஆனால் இந்த அலைகள் எங்கே சந்தித்தன? அம்மாவும் அண்ணனும் நேரில் பேசவேயில்லையே. போன் என்னிடம்தான் இருந்தது. அவன் சொன்னதை அவளிடம் சொன்னதும் நான், அவள் சொன்னதை அவனிடம் சொன்னதும் நான், அதுவும் ஒரே நாளில். ஒன்றை மட்டும் வாய்க்குள் வைத்திருந்தால் இந்நேரம் குன்னூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன், படித்தவளுக்கு இது தெரியாதா, தெரிந்தும் ஏன் இரண்டையும் சொன்னேன்... ஜன்னலுக்குள் கிளார்க் பரமசிவன் பேனாவை உதறுகிறார். "யாரு பேருங்க..." அவர் கேட்டு முடிப்பதற்குள் என் பேரைச் சொல்லிவிட்டேன்.