கம்பி கட்டிய வாய்

மகள் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள் என்று போன் வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட்டின் கூரைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பாதி ஆயுசை அந்தரத்தில் கழித்த மனுஷன். லிஃப்ட் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் நின்றது அன்றைக்குத்தான்.

மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் அவளுக்கு ‘வாயாடி’ என்று பெயர். பல் துலக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும், நுரையும் வார்த்தையுமாகக் கொட்டும். அப்படிப்பட்டவள் ஈரச் சாலையில் சறுக்கி, ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து, நடைபாதை விளிம்பில் மோவாய் இடிபட விழுந்திருந்தாள். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்துபோயிற்று.

“அடிபட உனக்கு வேற இடமே கிடைக்கலையாடி?” ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அம்மா அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டாள்.

வீங்கின வாய்க்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. அப்பா குனிந்து காதைக் கொடுத்தார்.

“மத்த இடத்துல ஹெல்மெட் இருந்துச்சு.”

தாடை ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரம்மா எதையும் ஒளிக்காமல் சொன்னார். உடைந்த எலும்பைச் சேர்த்துத் தகடு வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். அது ஆடாமல் கூடுவதற்காக மேல்பல் வரிசையையும் கீழ்ப்பல் வரிசையையும் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். “நாலஞ்சு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது. பேச்சு பல்லுக்குள்ளதான். சாப்பாடு எல்லாம் தண்ணியா இருக்கணும்.”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் மட்டும், ஒவ்வொரு சொல்லுக்கும் முகம் சுளித்தபடி, கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

“தகடு எதுல செஞ்சது?”

“டைட்டானியம்.”

“துருப்பிடிக்குமா?”

“பிடிக்காது. உள்ளயே இருக்கலாம்.”

“ஏர்போர்ட்ல சத்தம் போடுமா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “நீ முதல்ல டிக்கெட் எடு, அப்புறம் பார்க்கலாம்.”

ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது. போர்வை ஓரத்து நூலை அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்ததை அப்பா பார்த்தார்.

“பயமா இருக்காம்மா?”

ஆமாம் என்று தலையாட்டினாள். மறைக்கவேயில்லை.

“வேணா இன்னொரு நாள் வெச்சுக்கச் சொல்லட்டுமா?” சொன்ன பிறகுதான், எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று அவருக்கே தெரிந்தது.

மகள் அவரை ஒரு முறை முறைத்தாள். கண் ஓரத்தில் நீர் வழிந்துகொண்டிருக்க, தலைமாட்டில் நின்ற வார்டு ஊழியரைப் பார்த்து, “தள்ளுங்கண்ணா” என்றாள்.

திரும்பி வந்தபோது முகம் ஊதிப்போய் அடையாளம் தெரியவில்லை. மயக்கம் தெளிந்ததும் வாயைத் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்கள் பிதுங்கின, கைகள் காற்றைப் பிராண்டின. நர்ஸ் ஓடிவந்து அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“மூச்சு வருது, பாரு. மூக்கால இழு. பல்லிடுக்கு வழியா விடு. என்னைப் பார்த்துக்கிட்டே செய்.”

அவள் நர்ஸின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்தாள். இழுத்தாள், விட்டாள். பல்லிடுக்கில் விசில் மாதிரி சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கைகள் தாமாகப் போர்வைமேல் இறங்கின. கட்டில் கால்மாட்டில் நின்ற அப்பாவும் அவளோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று நர்ஸ் ஒரு சின்னக் கம்பி கட்டரைக் கொடுத்தாள். “இது எப்பவும் பாப்பா பக்கத்துல இருக்கணும். வாந்தி வந்தா பதறக் கூடாது. குனிஞ்சு, தலையைக் கீழ சாய்ச்சா, தண்ணியாத்தான் இருக்கும், இடுக்கு வழியா வெளிய வந்துடும். மூச்சே விட முடியலைன்னா மட்டும் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்க்கிற இந்த நெட்டுக் கம்பிகளை வெட்டுங்க.” அப்பா கட்டரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் பழைய கம்பித் துண்டுகளை வெட்டிவெட்டிப் பழகினார். கட்டர் பிடிப்பதுதான் அவர் பிழைப்பே. இருந்தும் பழகினார்.

வீட்டில் மிக்ஸி ஓயவில்லை. எதைச் சமைத்தாலும் அம்மா அரைத்து, வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் நிரப்பி, கன்னத்து ஓரமாக விட்டாள். மகள் சைகையில் ஒரு பாஷையே உண்டாக்கினாள். உப்பு பத்தவில்லை என்றால் இரண்டு விரலைத் தேய்ப்பாள். அப்பா வேலை முடிந்து கிரீஸ் வாடையோடு கிட்டே வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு குளியலறையைக் காட்டுவாள். ஒருநாள் பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கும் வாசனை வந்தபோது மட்டும், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துத் தேம்பினாள். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்ததும் மகள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிஞ்சை அவளே கையில் எடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது நடந்தது. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் வெளிறிப்போய் எழுந்தாள், வாய்மேல் கை போனது. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கட்டரை உருவிக்கொண்டு ஓடினார். கட்டரின் மூக்கு அவள் உதட்டருகே போய்விட்டது.

மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமாகப் பிடித்து, தள்ளி நிறுத்தினாள். இன்னொரு கையால் வாஷ்பேசின் விளிம்பைப் பற்றிக் குனிந்து, தலையைத் தொங்கவிட்டாள். பல்லிடுக்கு வழியாகவும் மூக்கு வழியாகவும் அது கொட்டியது. நடுவே ஓர் இடைவெளி வந்தது. மூக்கைச் சிந்தினாள், மூச்சை இழுத்தாள். மறுபடி வந்தது. அப்போதும் அவர் மணிக்கட்டை விடவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற அம்மா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முடிந்ததும் மகள் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து வாயை அலசிக்கொண்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. கட்டிய பற்களுக்குள்ளிருந்து சொன்னாள்:

“அவசரக் குடுக்கை.”

அப்பா கட்டரை மேஜைமேல் வைத்தார். பாதியில் நின்ற லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவிடுக்கு வழியாக ‘பதறாதீங்க’ என்று எத்தனையோ தடவை குரல் கொடுத்தவர் அவர். பெரிய பெரிய ஆட்கள் உள்ளேயிருந்து கதவைக் குத்துவார்கள், கத்துவார்கள். மூச்சுக்கே பூட்டுப் போட்ட நிலையில் இந்தப் பொண்ணு, யோசித்து ஒரு கையை எங்கே வைப்பது, இன்னொரு கையை எங்கே வைப்பது என்று முடிவு செய்திருக்கிறாள். “எங்கிருந்துடி வந்துச்சு உனக்கு இந்தத் தைரியம்?” என்று கேட்க வந்தவர், அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். அவள் மூக்கைப் பொத்திக் காட்டியும் விடவில்லை.

கம்பியைப் பிரித்த அன்று எல்லோரும் ஒரு பேச்சு வெள்ளத்தை எதிர்பார்த்தார்கள். வாயோ ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. தசையெல்லாம் இறுகிக் கிடந்தது. கீழுதட்டின் இடது பக்கம் மரத்தும் போயிருந்தது.

“இந்த நரம்பு மெதுவாத்தான் திரும்பும். முழுசாத் திரும்பாமலும் போகலாம்,” என்றார் டாக்டரம்மா.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. மகள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் கண் கலங்கியது. பிறகு, “எந்தப் பக்கம் ஒழுகும்னு தெரிஞ்சுபோச்சுல்ல, துடைச்சுக்குவேன்,” என்றாள்.

“தாடையைப் பழக்க ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவுல வைம்மா. தினமும் கொஞ்சம் கூட்டிக்கிட்டே போகணும். வலிக்கும்,” என்றார் டாக்டரம்மா.

வலித்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, குச்சிக் கட்டைக் கடித்தபடி, கண்ணீர் ஓட ஓட இன்னொரு குச்சியை நடுவில் செருகுவாள். “போதும்டி, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று அம்மா சமையலறையிலிருந்து கெஞ்சுவாள். மகள் ஒரு விரலைக் காட்டுவாள். இன்னும் ஒண்ணு.

எதிரே உட்கார்ந்து அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குச்சி உள்ளே போகப் போக அவர் வாயும் தன்னால் திறந்துகொண்டே போனது. மகள் அதைக் கவனித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். குச்சியெல்லாம் மேஜைமேல் சிதறின.