பத்து விழுந்த மத்தியானம்

ஆன்லைன் போக்கரில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஆடாமல் இருப்பது. பத்து ஆட்டம் வந்தால் எட்டில் சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஹோரியா. ப்ராய்லா நகரத்து ரொட்டித் தொழிற்சாலையில் இருவருக்கும் இரவு ஷிப்ட், இருப்பது ஒரே அறை. காலேஜைப் பாதியில் விட்டு வந்த எனக்கு விலகுவது கஷ்டமாக இல்லை. சொல்லிக்கொடுத்த அவனுக்குத்தான் அது வரவே இல்லை.

நான் சில்லறைக் காசு மேஜைகளில்தான் ஆடினேன். மத்தியானம் எழுந்ததும் முந்தின நாள் ஆட்டங்களைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். கடைசிச் சீட்டு விழும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வேன். முடிவு தெரிந்தால் மனது பொய் சொல்லும். ஜெயித்ததெல்லாம் புத்திசாலித்தனம் என்றும் தோற்றதெல்லாம் துரதிர்ஷ்டம் என்றும் தோன்றும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கொஞ்சம் தேறினேன்.

ஹோரியா தேறவில்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டான். ராஜினாமாக் கடிதம் அவன் கோட்டுப் பையில் தயாராக இருந்தது.

"ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பாருடா. நான் தேற மாட்டேன்னு நீ சொன்னா, சத்தியமா இதக் கிழிச்சுப் போட்டுடறேன்" என்றான்.

உட்கார்ந்தேன். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துத் தோலை லேப்டாப் மேலேயே துப்பிக்கொண்டிருந்தான். வந்த சீட்டையெல்லாம் ஆடினான். அரை மணி நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அந்த ஆட்டம் வந்தது.

அவன் கையில் எட்டும் ஒன்பதும். மேஜையில் ராணி, ஜாக்கி, மூன்று, இரண்டு. எதிராளி தன் பணம் மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். கடைசிச் சீட்டு பத்தாக விழுந்தால் மட்டுமே ஹோரியாவிடம் எட்டிலிருந்து ராணி வரை வரிசை சேரும். மொத்தச் சீட்டுக்கட்டிலும் நாலு பத்துதான்.

"சீட்டப் போட்டுடு" என்றேன்.

"சும்மா இருடா, சாவுக்கு வந்தவன் மாதிரி" என்று அவனும் தன்னிடம் இருந்ததை எல்லாம் தள்ளினான்.

எதிராளி சீட்டைக் காட்டினான். இரண்டு ராணி. மேஜையில் இருந்ததோடு மூன்று. வரிசை சேராமல் அதை ஜெயிக்க முடியாது.

பத்து விழுந்தது.

ஹோரியா நாற்காலி மேல் ஏறிக் குதித்தான். கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூரையில் குச்சியால் இடித்தார்.

"இப்பச் சொல்லுடா! தேறுவேனா மாட்டேனா?"

"மாட்ட. இப்ப நீ ஆடுனது சுத்தத் தப்பு."

"ஜெயிச்சிருக்கேன்டா, முட்டாப் பயலே!"

"தப்பா ஆடி ஜெயிச்சிருக்க."

"வயித்தெரிச்சல். சில்லறை பொறுக்கியே செத்துப்போ நீ."

கடிதத்தை அவன் கிழிக்கவில்லை. சாயங்காலம் ஷிப்டுக்கு நான் கிளம்பியபோது அவனும் முடி வாரிக்கொண்டு கூடவே வந்தான். சூப்பர்வைசர் அக்லாயா மேடம் கடிதத்தைப் படித்துவிட்டு முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தார். குத்தவில்லை.

"உன் எடத்துக்கு வெளிய ஆள் நிக்குது. திரும்பி வந்து கெஞ்சுனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் இந்தச் சீட்டு வெளையாட்ட ஆடுறவன்தான? இவனால இதுல பொழைக்க முடியுமா? முடியாதுன்னு சொல்லு, இப்பவே கிழிச்சு எறிஞ்சுடறேன்."

ஹோரியா என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"முடியாது மேடம். இவன் ஆட்டம் சரியில்ல."

"நெறையப் பணம் விட்டுட்டானா?"

"இல்ல. இன்னிக்கு ஜெயிச்சான்."

"எவ்வளவு?"

"ரெண்டு மாசச் சம்பளம், மேடம்!" என்றான் ஹோரியா.

மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். எண்ணிலடங்காத ஆட்டம் ஆடினால்தான் உண்மை வெளியே வரும், ஒரு நாள் கணக்கு எதையும் சொல்லாது என்று விளக்க ஆரம்பித்தேன். எனக்கே அது வயிற்றெரிச்சல்காரன் பேச்சு மாதிரிதான் கேட்டது.

"ஜெயிச்சவன் ஆட்டம் சரியில்லையாம்" என்று சிரித்துக்கொண்டே முத்திரையை ஓங்கிக் குத்தினார். "போப்பா, நல்லா இரு. நீ என்ன நிக்கற? மாவு எறக்கணும், போ."