பரீட்சைக்கு வந்த மாரியாத்தாள்

மனநலப் பிரிவில் மேற்படிப்பு முடிக்கும் டாக்டர்களுக்குக் கடைசியாக ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. முன்பின் பார்த்திராத ஒரு நோயாளியை ஒதுக்குவார்கள். ஒரு மணி நேரம் பேசிப் பார்த்து, நோய் இன்னதென்று நான்கு பேராசிரியர்கள் முன்னால் சொல்ல வேண்டும். மாரியாத்தாள் அப்படி நோயாளியாக நான்கு முறை போய் உட்கார்ந்தவள். தேர்வு வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு ஒரு கார்டு போகும். சிங்காநல்லூர் நூல் மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுவாள். கதையைக் கோவையாகச் சொல்வாள் என்பதால் மாணவர்களுக்கு அவளைப் பிடிக்கும்.

1997 ஏப்ரலில் ஐந்தாவது முறையாக வந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. அந்த முறை அவள் கிருபாவுக்கு ஒதுக்கப்பட்டாள்.

கிருபாவின் அப்பாவும் அம்மாவும் கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அந்த வீட்டில் முதல் டாக்டர் அவள். மூன்று வருடப் படிப்பு இந்த இரண்டு நாளில் தேறியாக வேண்டும்.

கிருபா பேனாவைத் திறப்பதற்குள் மாரியாத்தாள் ஆரம்பித்துவிட்டாள். ஆறு வருடத்துக்கு முன் காதில் குரல் கேட்டது, மில்லில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றியது, பதினெட்டு நாள் வார்டில் இருந்தது, பழைய மாத்திரையில் கைகால் விறைத்ததால் ஐந்து மாதத்துக்கு முன் புதிதாக ரிஸ்பெரிடோன் கொடுத்தது, இப்போது விறைப்பு இல்லை, குரலும் இல்லை. கவனத்தைச் சோதிக்க நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதும் மூச்சு விடாமல் இரண்டு வரை வந்து நிறுத்தினாள்.

கிருபாவுக்குச் சந்தேகம் வந்தது. இது கணக்குப் போட்டு வந்த விடையல்ல, நான்கு தேர்வில் மனப்பாடமான விடை. அப்படியென்றால் இதுவரை எழுதியதில் எவ்வளவு இன்றைய மாரியாத்தாளைப் பற்றியது? பேனாவை மூடி வைத்தாள்.

“பரீட்சைக்குச் சொல்றது போதுமுங்கக்கா. இப்ப எப்படி இருக்கறீங்க?”

மாரியாத்தாள் கதவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள். நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து இப்போதுதான் வயிற்றில் நின்றிருக்கிறது. வீட்டுக்காரர் ஆறுச்சாமி பெருந்துறையில் இருக்கும் தன் அம்மாவுக்குச் சொல்லிவிட்டார். அந்த அம்மா வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார். ஆஸ்பத்திரியில் மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

ஏன் என்று கிருபா கேட்டாள்.

“தெரிஞ்சா மாத்திரைய நிறுத்திப்போடுவாங்க. இல்லாட்டி கலைக்கச் சொல்லுவாங்க. ரெண்டையும் இந்த வார்டுலயே பாத்திருக்கறனுங்க.”

வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. டெஸ்ட்டும் எடுக்கவில்லை. ஏழு வருடம் கழித்து வந்ததைச் சோதித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு, கொஞ்சம் வெட்கத்துடன், இப்போதே பால் கசிவதாகவும் ரவிக்கை நனைந்துபோவதாகவும் சொன்னாள். வயிற்றிலிருப்பது நல்ல சத்தான பிள்ளையாக இருக்கும் என்று மில்லில் கூட வேலை செய்கிறவள் சொன்னாளாம்.

கிருபாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த மாத்திரை சில பெண்களுக்குப் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனைக் கூட்டிவிடும். மாதவிலக்கு நின்று, உடம்பு பிள்ளை பெற்ற உடம்பு போல நடந்துகொள்ளும். வயிற்றில் ஒன்றும் இருக்காது. கடிகாரத்தில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

மாத்திரையினாலும் இப்படி ஆகலாம், டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும் என்று கிருபா மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெரிய டாக்டர்கள் முன்னால் இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் மாரியாத்தாள் கேட்டுக்கொண்டாள். சொல்வதில்லை, ஆனால் முடிந்ததும் இருவரும் லேபுக்குப் போக வேண்டும் என்றாள் கிருபா. மாரியாத்தாள் தலையசைத்தாள்.

வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்தவர் டாக்டர் சுந்தரராஜுலு. கண்டிப்பானவர் என்று பெயர். பக்கத்து ஸ்டூலில் மாரியாத்தாள் உட்கார்ந்திருக்க, கிருபா நோய்க் கதையைச் சொல்லி முடித்தாள். அவர் கேட்ட முதல் கேள்வியே மாதவிலக்கு பற்றி ஏன் சொல்லவில்லை என்பதுதான்.

கிருபா சொன்னாள்: “அதப் பத்தி அவங்க என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க சார். இங்க சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. இன்னிக்கே டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

அவர் மாரியாத்தாளை வெளியே உட்காரச் சொன்னார். கதவு சாத்தியதும், இப்போது சொல்லலாமே என்றார். கிருபா தன்னால் முடியாது என்றாள். கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மார்க் இல்லை என்று உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர் நினைவுபடுத்தினார். தெரியும் என்றாள்.

சுந்தரராஜுலு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி, இந்த மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணிடம் பொதுவாக என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்றார். கிருபா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு நோயாளியின் ஃபைலை வாங்கிப் புரட்டினார். ஐந்து மாதத்தில் எட்டு முறை வந்திருக்கிறாள். எட்டுப் பக்கத்திலும் தூக்கம், பசி, குரல், கை நடுக்கம் எல்லாம் எழுதியிருந்தது. மாதவிலக்கு பற்றி மட்டும் எங்கும் இல்லை. ஃபைலை அவர் உள்ளூர்ப் பேராசிரியர் பக்கம் தள்ளினார். கிருபாவைப் போகச் சொன்னார்.

லேபில் கர்ப்பம் இல்லையென்று ரிசல்ட் வந்தது. கிருபா அதோடு விடாமல் மகப்பேறு டாக்டர் சாஜிதா பேகத்திடம் அழைத்துப்போய் ஸ்கேனும் எடுக்க வைத்தாள். கருப்பை வெறுமையாக இருந்தது. சாஜிதா திரையைத் திருப்பிக் காட்டித்தான் சொன்னார். மாரியாத்தாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“அப்ப இந்தப் பால்?”

“மாத்திரையினாலதாம்மா” என்றார் சாஜிதா.



ஐந்து மணிக்கு ஆறுச்சாமி வந்தார். மோட்டார் பம்ப் செய்யும் பட்டறையிலிருந்து நேராக வந்ததால் கையெல்லாம் கிரீஸ். கிருபா விவரம் சொன்னாள். அவர் குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க டாக்டரம்மா, மாத்திரைய நிறுத்திப்போட்டா கொழந்த நிக்குமுங்களா?”

கிருபா வாய் திறக்குமுன் மாரியாத்தாள் சொன்னாள்: “மாத்திரைய நிறுத்துனா நானே இருக்க மாட்டனுங்க. அப்புறம் கொழந்தைய ஆரு பாக்கறது?”

ஆறுச்சாமி, அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்குள் அவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெஞ்சிலிருந்து தெரிந்தது. அப்போதுதான் மாரியாத்தாள் அழுதாள். மறுநாள் தேர்வுக்குப் படிக்க வேண்டியது கிருபாவுக்கு நிறைய இருந்தது. ஆனாலும் அவர் திரும்பி வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கிருபா தேறினாள். நோயாளியைப் பார்த்துச் சொன்ன பகுதியில் தேறுவதற்கு வேண்டியதைவிட இரண்டு மார்க்தான் கூட.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார்கள். ஜூனில் ஒரு வாரம் குரல் திரும்பக் கேட்டது. மாரியாத்தாள் மறைக்காமல் மறுநாளே வந்து சொன்னதால் வார்டில் சேர்க்காமலே சரிசெய்ய முடிந்தது. ஜூலையில் பால் நின்று மாதவிலக்கு வந்தது. பிள்ளை பெற்றுக்கொள்வதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், அதற்கேற்ற மருந்து கொடுக்கலாம் என்று சாஜிதா அவர்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். தேர்வுக்கு இனிமேல் வருவதில்லை என்று மாரியாத்தாள் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அதே பிரிவில் வேலைக்குச் சேர்ந்த கிருபா, மனநல மருந்து சாப்பிடும் பெண்களுக்கென்று வியாழன் மதியம் தனி கிளினிக் கேட்டாள். பழைய ஃபைல்கள் கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். சாஜிதா ஒரு மணி நேரம் வந்து உட்கார ஒப்புக்கொண்டார். முதல் மூன்று வாரம் மாரியாத்தாளைத் தவிர யாரும் வரவில்லை. நாலாவது வாரம் அவள் தன் மில்லில் வேலை செய்யும் மெர்சி என்ற பெண்ணைக் கூட்டி வந்தாள். மெர்சி மூன்று வருடமாக வேறெங்கோ மாத்திரை வாங்குகிறவள். நாற்காலியில் உட்கார்ந்ததும் சேலைத் தலைப்பைச் சுருட்டத் தொடங்கினாள்.

“நான் வெளிய இருக்கறனுங்க டாக்டரம்மா. அவளே சொல்லுவா” என்று மாரியாத்தாள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.